உட்கார்ந்தால் அறுபது, படுத்தால் தொண்ணூறு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மறதியில் பிறந்தது. இதய நோய்ப் பிரிவில், வருகிறவர்களைச் சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சையும் துடிப்பையும் அளக்கும் டெக்னீஷியன் நான். கட்டிலோடு சேர்ந்த சைக்கிள் அது. ஸ்கேனுக்காக ஒருவரைப் படுக்க வைத்து மிதிக்கவிட்டால், அடுத்தவர் வருவதற்குள் கட்டிலை நிமிர்த்திவிட வேண்டும். அன்று நான் நிமிர்த்தவில்லை. வந்தவளும் ஒன்றும் கேட்காமல் மல்லாந்து படுத்து மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

(இதுவரை படித்துவிட்டு மனைவி சொன்னது: "தப்ப ஒத்துக்கறீங்களா, பெருமையடிச்சுக்கறீங்களா?" கொஞ்சம் இரண்டும்தான்.)

2

நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"மழை பெய்துகொண்டிருந்தது. அவளுடைய இதயம்..." வேண்டாம். மழையும் இதயமும் ஒரே வரியில் வந்தால் நானே புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன்.

"பாதி இதயத்தோடு பிறந்தவள் அவள்..." இதுவும் வேண்டாம். உடனே நீங்கள் 'ஐயோ பாவம்' என்பீர்கள். அவளுக்கு அது ஆகாது.

நேராகவே சொல்கிறேன். நம் இதயத்தில் இரண்டு பம்புகள் இருக்கின்றன. ஒன்று நுரையீரலுக்கு, ஒன்று உடம்புக்கு. அவளுக்குப் பிறவியிலேயே ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. சிறுவயதில் அறுவை சிகிச்சை செய்து, உடம்பிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிட்டார்கள். பின்னாலிருந்து தள்ளிவிட ஆளில்லை, அதுவாகவே போய்ச் சேர வேண்டும். நிற்கும்போது காலிலிருந்து மேலேற அது திணறுகிறது. படுத்துவிட்டால் அதற்கு எல்லாம் சமதரை.

3

அவளுக்கு வயது இருபத்தொன்பது. பஸ் டெப்போவில் மெக்கானிக். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, பஸ்ஸுக்கு அடியில் வழுக்கிப் போய் வேலை பார்ப்பவள். ஷெட்டில் எல்லாரும் 'பலகை' என்றுதான் கூப்பிடுவார்களாம். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். டெப்போவில் புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது. இதயக் கோளாறு உள்ளவர்கள் எழுபத்தைந்து வாட் சக்தியிலாவது மிதித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது. அளவை எழுத ஒரே ஒரு கட்டம்.

அன்று அறையில் திரை வெளிச்சம் மட்டும்தான். பெடல் சுற்றும் சத்தம் தூக்கத்தில் கேட்கிற சத்தம்போல இருந்தது. பலகை கூரையைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தாள். கூரை ஒரு நீளமான சாலையாகி, அவள் அதில் தலைகீழாக, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டே இருப்பதாக எனக்குப் பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரையில் நாற்பது, அறுபது, எழுபத்தைந்து என்று ஏறியது. தொண்ணூற்றில் நிறுத்தினாள். அப்போதுதான் கட்டிலைக் கவனித்தேன்.

4

"அய்யய்யோ, தப்பாயிடுச்சும்மா. உக்காந்து மிதிக்கணும். இது கணக்குல சேராது."

"ஏன் சார், மிதிச்சது நான்தானே?"

"எல்லாரையும் உக்கார வெச்சுத்தான் எடுப்போம். நிறைய பேருக்குப் படுத்தா கால் சீக்கிரம் அசந்துடும். உங்களுக்கு அப்படியே தலைகீழ்."

நன்றாக ஓய்வெடுக்கவைத்து, நிமிர்ந்து உட்காரவைத்து எடுத்தேன். அறுபதிலேயே உதடு நீலம் பாரித்தது. கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள்.

(இங்கே 'அவள் அழுதாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.)

"சார், நான் பஸ்ஸத் தூக்கல, தள்ளல. படுத்துகிட்டு நட்டு முறுக்கறேன். நான் வேலை பாக்கற மாதிரியே டெஸ்ட் எடுத்த ஒரே ஆளு நீங்கதான். அதையும் தெரியாம எடுத்துட்டு, இப்ப தப்புங்கறீங்க."

இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தின்மீது சந்தேகம் வந்தது. இவ்வளவு சரியாகப் பேசுகிறவளிடம் எங்காவது ஓட்டை இருக்க வேண்டுமே. கேட்டேன்.

"படுத்திருந்து எந்திரிக்கும்போது?"

பெடலிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.

"கண்ணக் கட்டும். பலகை மேலயே ஒரு நிமிஷம் உக்காந்திருந்துட்டுதான் எந்திரிப்பேன். ஒரு தடவ அவசரத்துல எந்திரிச்சு விழுந்துட்டேன். ஷெட்டுல யாருக்கும் தெரியாது."

5

படிவத்தை ஒரு வாரத்தில் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரமும் படிவத்தை எழுதாமல் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு ஒன்று: கட்டத்தில் தொண்ணூறு என்று மட்டும் எழுதுகிறேன். வேலை தப்புகிறது. பிறகு ஒருநாள், கையில் ஸ்பேனரோடு, யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டென எழுந்து... [முடிக்கத் தைரியமில்லை.]

முடிவு இரண்டு: அறுபது. விதிப்படி எல்லாம் சரி, என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. நான் எழுதியதிலேயே கேவலமான முடிவு இதுதான்.

முடிவு மூன்று, மனைவியுடையது: "ஊரையெல்லாம் கேக்கறீங்க, அந்தப் பொண்ணக் கேட்டீங்களா?"

பலகை படிவம் வாங்க வந்தபோது கேட்டேன்.

"ரெண்டையும் எழுதுங்க சார். உக்காந்தா இவ்ளோ, படுத்தா இவ்ளோன்னு. விழுந்ததையும் எழுதுங்க. வேலை போகுதுன்னா, எல்லாம் தெரிஞ்சே போகட்டும்."

6

எழுதினேன். கட்டம் போதவில்லை, ஓரமெல்லாம் நெருக்கி எழுதினேன். அவள் வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டு, மடிக்காமல் எடுத்துப் போனாள்.

இனி வரவேண்டியவர் டெப்போ அதிகாரி. "வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி..." வேண்டாம். நான் அவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருவரைக் கல்நெஞ்சக்காரராகவோ தங்கமான மனிதராகவோ ஆக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஓரத்தில் நெருக்கி எழுதியதைக்கூட விடாமல் படித்த ஒருவர் இருக்கிறார். அது நீங்கள்தான். ஆகவே அந்த நாற்காலியில் நீங்களே உட்காருங்கள்.

படிவத்தில் அதிகாரி நிரப்ப வேண்டிய கடைசி வரி: தகுதி உண்டு / தகுதி இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.

உங்கள் அறைக்கு வெளியே பலகை காத்திருக்கிறாள். உட்காரத்தான் இடமிருக்கிறது. ரொம்ப நேரம் காக்கவைத்துவிடாதீர்கள்.