முட்டையாகிப் போன பாதை

"பூமி போற பாதையப் போய் முட்டை மாதிரி இழுத்து வச்சிருக்கீங்களே அண்ணி, இதப் பாக்குற பிள்ளைங்க…"

"பெட்டி அகலமா இருந்தா படமும் அகலமாத்தான்…"

"பெட்டியப் பாத்தா பூமி சுத்துது?"

"நீ முதல்ல கையெழுத்தப் போடு. கீழ மெஷின் காத்துக்கிட்டு இருக்கு."

நாத்தனார் பேனாவைத் தொடவில்லை. அச்சகத்தின் மாடி அறையில் எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்றில் அண்ணி எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எழுதுவாள். மற்றதில் நாத்தனார் அதற்குப் படம் போடுவாள். படம் போட்ட கை சோதனைத் தாளின் மூலையில் கையெழுத்திடாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகக் கூடாது. அது நாத்தனாருடைய அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அதை மீற யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அண்ணிக்கும்கூட.

பாடம், கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்பது. நாத்தனார் காம்பஸ் வைத்துச் சுத்தமான வட்டம் போட்டு, நடுவில் சூரியனை உட்கார வைத்திருந்தாள். பக்கத்திலேயே இன்னொரு படம்: சாய்ந்து நிற்கும் பூமியின் மேல் கோடையில் வெயில் செங்குத்தாகவும், குளிர்காலத்தில் சரிந்தும் விழுவது போல. இரண்டையும் வாங்கிப் போனவர், எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுகிறவர். எதையும் கட்டத்துக்குள் அடைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது என்பதால் அச்சகம் முழுக்க அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர். ஒரு படத்துக்குத்தான் இடமிருந்தது. சாய்ந்த பூமியைக் கழற்றிவிட்டு, வட்டத்தைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்துவிட்டார். தலைப்புக்கு இடம் வேண்டுமென்று சூரியனையும் இடது ஓரமாகத் தள்ளிவிட்டார். இடது ஓரத்தில் 'கோடை' என்று எழுதியிருந்தது. வலது கோடியில் 'குளிர்காலம்' தன்னந்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

சாய்வாகப் பார்த்தால் தட்டுகூட முட்டையாகத்தான் தெரியும் என்றாள் அண்ணி. அதில் நியாயம் இருந்தது. ஆனால் சாய்வாகப் பார்த்தாலும் நடுவில் இருக்கிற சாமான் ஓரத்துக்கு ஓடிவிடாதே என்றாள் நாத்தனார். நிஜப் பாதைக்கும் காம்பஸ் வட்டத்துக்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, போதாக்குறைக்கு நம் பக்கம் குளிர் அடிக்கும்போதுதான் பூமி சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே போகிறது, இதை நீங்கள்தானே அண்ணி மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக் காட்டினாள்.

"எழுதியிருக்கேன்ல? அப்புறம் என்ன? படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். கீழ 'அளவுப்படி அல்ல'ன்னு ஒரு வரி போட்டாப் போச்சு."

இடம்தான் பிரச்சினை என்றால், பக்கத்தின் அடியில் கூலிங் கிளாஸ் போட்டுப் பல்லைக் காட்டுகிற சூரியனை எடுத்துவிடலாம் என்றாள் நாத்தனார். அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. அந்தச் சூரியன் அவளுடைய செல்லம். பள்ளிக்கூடங்களில் போன வருடப் புத்தகத்தைப் பிரித்ததும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களாம்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்காரர் மாடியேறி வந்தார், கையெழுத்து ஆயிற்றா என்று கேட்க. நாத்தனார் சோதனைத் தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, இந்தப் பாடத்த யார் டைப் அடிச்சது?"

"நான்தான். மூணு தடவ. உங்க அண்ணி மாத்தி மாத்திக் குடுத்தாங்களே."

"சரி, கோடை ஏன் வருது?"

பெட்டிக்காரர் படத்தைப் பார்த்தார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி நாத்தனாரைப் பார்த்தார். "சூரியன் கிட்ட வருதுல்லம்மா, அதான்" என்று விரலை வைத்துக் காட்டினார்.

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து, கீழே வேலை இருப்பதாக முனகிக்கொண்டு அவர் நழுவினார்.

அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டதே தப்பு என்றாள் அண்ணி. டைப் அடிக்கிறவர் எழுத்தைப் பார்ப்பாரா, அர்த்தத்தைப் பார்ப்பாரா? நாத்தனார் விடவில்லை. தானும் இப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் இருபத்தைந்து வயது வரை சூரியன் பக்கத்தில் வருவதாக நம்பித் தொலைத்ததாகச் சொன்னாள். அந்தப் பாடத்தில் இருந்த ஒரு வரியும் நினைவில்லை, முட்டை மட்டும் மண்டைக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது என்றாள்.

"உன்னோட வீம்புக்கு என் புத்தகம் நிக்கணுமா? இப்பப் போடப் போறியா இல்லையா?" அண்ணி பேனாவின் மூடியைத் திறந்து, தாளின் மூலையில் கொண்டுவந்து வைத்தாள்.

நாத்தனார் பேனாவை எடுத்தாள். மூடியை நிதானமாகப் பூட்டினாள். பூட்டி, அண்ணி எழுதிய மூன்றாம் பத்தியின் மேல் குறுக்காக வைத்தாள்.

"படத்த மாத்த மாட்டீங்கன்னா பாடத்த மாத்துங்க அண்ணி. சூரியன் கிட்ட வர்றதாலதான் கோடைன்னு உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்குக் கீழயே நானும் போட்டுடறேன்."