வயலில் எட்டு மைக்குகள்

கூத்தாநல்லூரில் சுஹைபின் வீட்டு மாடியறைதான் அவனுடைய ஸ்டுடியோ. கடை விளம்பரக் குரல்களும் கல்யாண வீடியோப் பாட்டுகளும் அங்கே பதிவாகும். வீட்டுக்குப் பின்னால் நடவு முடிந்த சம்பா வயல். அவனுடைய அக்கா கமருன்னிஸா மன்னார்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பேராசிரியை. கூட்டமாகக் கத்தும் தவளைகள் ஒன்றின் குரலை இன்னொன்று கவனிக்கின்றனவா என்று பார்க்க அவளுக்கு ஆசை. ஐப்பசி மழை விட்ட ஒரு நாளில் இருவரும் வரப்பு நெடுக எட்டு மைக்குகளை நட்டு, வயர்களை மாடிக்கு இழுத்தார்கள். ஒரு ரெக்கார்டிங் பெட்டியில் நாலு மைக்தான் செருகலாம். அதனால் சுஹைப் இரண்டு பெட்டிகளை ஒரு கேபிளால் இணைத்தான்.

முதல் பதிவைப் போட்டதும் இடையிடையே 'டிக், டிக்' என்றது.

"இது தவளையா, மெஷினா?" என்றாள் கமருன்னிஸா.

"தெரியலையே, லாத்தா."

வயலில் ஒரு வகைச் சின்னத் தவளை அப்படித்தான் கத்தும். எது எதென்று பிரிக்க முடியவில்லை. சுஹைப் கேபிளை மாற்றினான். ஃபேனை நிறுத்தினான். பக்கத்து வயல் பஞ்சநதத்திடம் சொல்லி மோட்டாரைக் கூட அணைக்கச் செய்தான். 'டிக்' போகவில்லை. கடைசியில் மைக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு வெறும் பெட்டிகளைப் பதிவு செய்தான். முதல் பெட்டியில் சத்தமே இல்லை. இரண்டாவதில் 'டிக்'.

"பெட்டிதான், லாத்தா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு. செகண்டுக்கு நாப்பத்தெட்டாயிரம் துண்டா சத்தத்தை நறுக்குறது அதுதான். ரெண்டும் தன் இஷ்டத்துக்கு ஓடுது. துளி முன்னப்பின்ன ஆனாலும் நடுவுல ஒரு துண்டு விட்டுப்போயி 'டிக்'குன்னு கேக்கும்."

"சரி, அதுக்கு என்ன பண்றது?"

"ரெண்டாவது பெட்டி தன் கடிகாரத்தை விட்டுட்டு முதல் பெட்டி சொல்ற நேரத்தைக் கேக்கணும்." செட்டிங்கை மாற்றினான். இரண்டாவது பெட்டியில் சிமிட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு பச்சையாகி நிலைத்தது.

மறுநாள் அந்தியில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு, மைக்குகளைச் செருகி மறுபடி பதிவு செய்தார்கள். 'டிக்' இல்லை. திரையில் மூன்று மைக்குகளின் அலைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக விரித்தாள் கமருன்னிஸா.

"சுஹைபு, இங்க பாரேன்."

ஒரு தவளை கத்தி முடித்த இடைவெளியில் அடுத்தது கத்தியிருந்தது. அது அடங்கியதும் மூன்றாவது. ஒன்றின் மேல் ஒன்று விழவே இல்லை. வேறு தேசத்துத் தவளைகளைப் பற்றி அவள் இப்படிப் படித்ததுண்டு. தன் வீட்டுக் கொல்லையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வேகத்தைக் குறைத்து ஓடவிட்டார்கள். நடுவில் நாலாவதாக ஒரு தவளை சேர்ந்தது. முதலில் இன்னொன்றின் குரலோடு மோதியது. மறுபடியும் மோதியது. சற்று நிறுத்திவிட்டு, பிறகு இருந்த இடைவெளிக்குள் சரியாக நுழைந்துகொண்டது. மற்ற மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அதற்கு இடம் விட்டன.

சுஹைப் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டான்.

"சுபஹானல்லாஹ்... யாரு சொல்லிக்குடுத்தா இதுகளுக்கு?"

கமருன்னிஸா ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். வெளியே வயல் முழுக்க ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. இருவரும் ஜன்னலில் சாய்ந்து, அந்த இரைச்சலுக்குள் ஒற்றைக் குரல்களைத் தேடினார்கள்.