பாசிக்குள் புதைந்த மீன்

டெல்மருக்கு அடிக்கடி ஒரே கனவு வரும். டக்கெட் ஏரியின் பாசிக்கு அடியில் அவன் மல்லாந்து கிடப்பான். மேலே பச்சைக் கூரை. அதன் ஓட்டைகள் வழியாக வெயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். குளுகுளுவென்று இருக்கும், ஒரு கவலை இருக்காது. அப்புறம் கூரைமேல் யாரோ நடக்கிற ஓசை கேட்கும். கொஞ்சம் நடை, ஒரு நிறுத்தம், மறுபடி கொஞ்சம் நடை. அது யாரென்று அவனுக்குத் தெரியும். எழுந்து மேலே போக வேண்டும் என்பதும் தெரியும். போகலாம், இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று கிடப்பான். காலடி தள்ளிப் போய்விடும். விழித்துக்கொள்வான்.

அந்த வியாழக்கிழமை விடியற்காலையிலும் அதே கனவுதான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவனுக்கு நெஞ்சு பாறையாகக் கனத்தது. நெல்டா சனிக்கிழமை ஊரைவிட்டுப் போகிறாள்.

ஏரிக்கரையில் படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் இருந்த கடை நெல்டாவுடையது. மண்புழு, ஐஸ், காப்பி, உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை எல்லாம் அங்கே கிடைக்கும். டெல்மர் அதற்கு அடுத்த கொட்டகையில் படகு மோட்டார் பழுது பார்ப்பவன். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். அவள் புருஷன் வேறொருத்தியோடு ஓடிப்போன கதை அலபாமாவில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அக்கறையில்லை. இப்போது டெக்சாஸில் இருக்கிற தங்கை, நாற்றுப்பண்ணை வைக்கலாம் வா என்று கூப்பிட்டுவிட்டாள். நெல்டா கடையை விற்றுவிட்டாள்.

டெல்மர் அவளை ஒருமுறை கேட்டிருக்கிறான். கேட்ட லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். விவாகரத்துத் தீர்ப்பு அவள் கைக்கு வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். அன்று சாயங்காலம் தேவாலயத்துச் சாப்பாட்டு வரிசையில், தட்டில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு மசியலுமாக நின்றவன், முன்னால் நின்றவளிடம் சட்டென்று, "நெல்டா, என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டான். பரிமாறிக்கொண்டிருந்தவர்களின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நெல்டா திரும்பிப் பார்த்தாள்.

"ஏய்யா டெல்மர், தவளை வந்து விழுந்த சத்தத்துக்கே சுண்டிட்டியே" என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த ஏரிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அங்கே பாஸ் மீன் பிடிப்பது ரப்பர் தவளையை வைத்துத்தான். உள்ளே பொள்ளலான தவளை. இரண்டு கொக்கியும் அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், அதனால் பாசியில் சிக்காது. அதைப் பாசிமேல் வீசி, குட்டிக் குட்டியாக நடத்திக்கொண்டு வர வேண்டும். அடியில் இருக்கிற மீனுக்கு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கூரை அதிர்வதை வைத்தே குறிபார்த்து, பாசியைப் பொத்துக்கொண்டு வெடித்துக் கிளம்பும். பார்க்கிறவனுக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். அந்த நடுக்கத்தில் தூண்டிலைச் சுண்டினால் போச்சு. தவளை பறந்து வந்து மூஞ்சியில் அடிக்கும், மீன் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். கழியைத் தாழ்த்திப் பொறுக்க வேண்டும். மீன் கவ்வி, உள்ளே இழுத்து, அதன் கனம் கைக்குத் தெரிந்த பிறகுதான் சுண்ட வேண்டும்.

சொல்வது சுலபம். பொறுப்பதற்காகவே அந்த ஏரியில் ஆளுக்கொரு வாய்ச்சொல் வைத்திருப்பார்கள். மீன் வெடித்ததும் அதை முணுமுணுத்து முடித்தபின்தான் சுண்டுவார்கள். டெல்மரின் கூட்டாளி ராய்ஸ், தன்னை விட்டுப் போன இரண்டு மனைவிகளின் பேரையும் சொல்வானாம், கோபத்தில் கைக்கு வலு வருகிறதாம். அவன் ஒருவன்தான் வெட்கமில்லாமல் வெளியே சொன்னவன். மற்றபடி யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். வெளியே சொன்னால் அந்தச் சொல் பலிக்காது.

நெல்டாவிடம் வசவு வாங்கிய அந்த வாரமே டெல்மர் தனக்கொரு சொல் தேடிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் தூண்டிலில் மீன் தப்பியது அபூர்வம்.

அவளிடமும் அப்படியே பொறுத்தான். கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை. அடுத்த வியாழனே நெல்டா அவன் படகில் வந்து முன்பக்கம் நின்றுகொண்டாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. அன்று முதல் வியாழன்தோறும் அதுவே வழக்கமாயிற்று. முன்னால் நின்று, காலால் மிதிக்கும் சின்ன மோட்டாரை அவள் ஓட்டுவாள். பின்னால் நின்றால் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதால் சொந்தப் படகில் அவன் பின்பக்கத்து ஆளானான். பதறாத காரியம் சிதறாது என்பது சரிதான். இந்த மனுஷன் காரியத்தையே விட்டுவிட்டு வெறுமனே பதறாமல் இருந்தான்.

புதன்கிழமை முழுக்க அவள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொடுத்ததும் அவன்தான். பின்பக்கம் கூரைவரை நிரம்பிவிட்டது. கண்ணாடிக் கூண்டு வைத்த ஒரு மேசை விளக்கு மட்டும் மிச்சம். ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையில் அதை வைத்தான். நெல்டா எடுத்துக் கீழே வைத்தாள். கம்பளியைச் சுற்றி மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தாள். "அது யார் மடியிலயாவது இருந்தாத்தான் ஒடையாமப் போகும்" என்றாள். ஓட்டிக்கொண்டு போகிறவள் மடியில் எப்படி விளக்கு வைப்பாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. விளக்கு கடைத் தரையிலேயே நின்றது. வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தான்.

வியாழன் காலை சரிவில் படகை இறக்கும்போது ராய்ஸ் வந்து கயிற்றைப் பிடித்துக்கொடுத்தான். நெல்டா காப்பி எடுக்கக் கடைக்குள் போயிருந்தாள்.

"என்ன மாப்ள, இன்னைக்காவது வாயத் தொறப்பியா?"

"அவளா மனசு மாறி இருந்துடுவான்னு தோணுது" என்றான் டெல்மர்.

"நல்லாத் தோணிச்சு போ. நீ சுண்டறதுக்குள்ள மீன் டெக்சாஸ் போய்ச் சேர்ந்துடும்."

டெல்மர் கயிற்றை வாங்கிப் படகுக்குள் போட்டான். அவளிடம் என்ன சொல்ல? இருந்துவிடு என்று கேட்கலாம். கேட்டால் தங்கையை விட்டுவிடு, விற்ற கடையைத் திரும்ப வாங்கு என்று கேட்கிற மாதிரி. அதைக் கேட்க அவனுக்கு நா எழவில்லை. கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

ஏரிமேல் பனி இறங்கியிருந்தது. படகு கரையை விட்டு விலகியதும் கரை இல்லாமல் போயிற்று. பிறகு தண்ணீரும் இல்லாமல் போயிற்று. எந்தப் பக்கம் பார்த்தாலும் பாசி, பாசி, பாசிதான். அக்டோபர் பிறந்ததில் அங்கங்கே மஞ்சள் பூத்திருந்தது. அதன் நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு தரையில் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தது. பனிக்குள் அது கரைந்துபோன பிறகும் அது நடப்பது அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நெல்டா மோட்டாரை மெல்ல மிதித்தாள். பாசிக்கு அடியில் பொடிமீன்கள் பூச்சி தின்னும் ஓசை, எங்கோ சோளம் பொரிகிற மாதிரி, சன்னமாகக் கேட்டது. அந்தச் சத்தம் இருக்கிற இடத்தில்தான் பெரிய மீனும் இருக்கும். இருவரும் அதைக் கேட்டபடி நின்றார்கள். இது முடியவே கூடாது என்று டெல்மர் நினைத்தான். இப்படியே பனிக்குள் போய்க்கொண்டே இருந்தால் சனிக்கிழமை தங்களைக் கண்டுபிடிக்காமலேயே கடந்துவிடும் என்று தோன்றியது.

இரண்டு தவளைகளும் பாசிமேல் நடந்தன. நெல்டா திரும்பாமலே பேசினாள். டெக்சாஸில் தங்கை வீட்டுக்குக் கிட்டவே ஏரி இருக்கிறதாம், அதில் பாசியே கிடையாதாம், அடித்தரை தெரியுமாம்.

"பாசி இல்லாட்டி மீனெல்லாம் எங்க போய்ப் படுக்கும்?" என்றான்.

"கேட்டியே ஒரு கேள்வி. ஊரைவிட்டுப் போறவ நான், மீன் படுக்கிற எடந்தான் உனக்குக் கவலை."

அவள் குரலில் சிரிப்பு இருந்தது, அதற்கு அடியில் வேறெதுவோ இருந்தது. அவன் அதைக் கேட்டும் கேட்காதவனாகத் தவளையையே பார்த்தான். ஒரு சின்ன ஓட்டையின் விளிம்பில் தவளை நின்றது. அப்படியே நிற்க விட்டான். அடியில் ஏதோ ஒன்று கிடக்கிறது, கூரைமேல் வந்து நின்ற காலடியைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறது. அவனுக்குத் தான் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்றே ஒரு கணம் மறந்துவிட்டது.

பாசி வெடித்தது.

டெல்மர் கழியைத் தாழ்த்தினான். பொறுத்தான். எத்தனையோ வியாழக்கிழமைகளில் வாய்க்குள் முணுமுணுத்த சொல், அன்று நெஞ்சு தாங்காமல் வாய்விட்டே வந்துவிட்டது.

"நெல்டா மே ப்ரூயிட்."

கனம் தெரிந்ததும் சுண்டினான். கழி வில்லாக வளைந்தது. மீன் ஒரு உலுக்கு உலுக்கி, தலைகுப்புறப் பாய்ந்து, கொடியெல்லாம் மேலே சுற்றிக்கொண்டு பாசிக்குள் புதைந்துவிட்டது. நூல் விறைத்து நின்றது. அடியில் அதன் உயிர் துடிப்பது கைக்குத் தெரிந்தது.

"பெருசு, நெல்டா. கிட்ட போ."

படகு அசையவில்லை. நெல்டா மோட்டாரிலிருந்து காலை எடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய அவளுடைய முழுப்பெயர் அது. பள்ளிக்கூடத்தில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சுண்டறதுக்கு முந்தி என்ன சொன்ன?"

அவனுக்குக் காது சுட்டது. "அத வெளிய சொல்லக் கூடாது."

"அதான் சொல்லிட்டியே. எப்பலேர்ந்து இந்தப் பேரு?"

"அந்தப் புதன்கிழமைலேர்ந்து" என்றான். பிறகு கெஞ்சினான். "காலை வை நெல்டா. மீன் போயிடும்."

"ஏன் போகுது? நீதான் நூலை இறுக்கிப் புடிச்சிருக்கியே. அப்படியே அசையாம நில்லு. தானா வரும்."

"தானா எப்படி வரும்? அது புதைஞ்சுகிட்டுது. இழுத்தா வாய் கிழியும், சும்மா நின்னா நழுவிடும். இனிமே நாமதான் அதுகிட்ட போகணும். இது உனக்குத் தெரியாதா என்ன?"

"எனக்குத் தெரியும்யா" என்றாள் நெல்டா. "உனக்குத் தெரியுமான்னுதான் இத்தனை நாளாப் பாத்துகிட்டிருக்கேன்."

பனி அவர்களைச் சுற்றி அப்படியே நின்றது. டெல்மர் தன் வாயால் தானே சொன்னதைக் கேட்டபடி நின்றான். கேட்கக் கேட்க, நெஞ்சில் இருந்த பாறை மெல்ல நகர்ந்தது. அவளை இருக்கச் சொல்வதா வேண்டாமா என்றே இத்தனை நாளும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். தான் போகலாம் என்ற நினைப்பு ஒருநாள்கூட அந்தத் தடித்த மண்டையில் ஏறியதில்லை. மோட்டார் டெக்சாஸிலும் பழுதாகும். கொட்டகையைப் பூட்ட ஒரு பூட்டுப் போதும். தன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"நான் வர்றேன் நெல்டா" என்றான். "நீ என்னைக் கட்டிக்கிட்டாலும் சரி, கட்டிக்காட்டியும் சரி. நீ இல்லாத எடத்துல எனக்கு வேலை இல்ல. வரட்டுமா?"

கேட்டுவிட்டுப் பொறுத்தான், பழக்கதோஷம். நெல்டா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பி, மோட்டாரை மிதித்தாள். படகு பாசியை நெரித்துக்கொண்டு மீன் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தது. அவன் நூலைச் சுற்றிக்கொண்டே வந்தான். படகு நின்றதும் அவள் குப்புறப் படுத்து, தோள்வரை கையைப் பாசிக்குள் விட்டாள். டெல்மர் மேலே நின்று அந்தக் கை உள்ளே போவதைப் பார்த்தான். பச்சைக் கூரையைப் பிரித்துக்கொண்டு ஒரு கை தன்னைத் தேடி இறங்குவதுபோல அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு கட்டுப் பாசியை வாரி எடுத்து மடியில் போட்டு, கொடிகளைப் பிரித்தாள். உள்ளே இருந்தது அந்த ஏரியில் அவர்கள் பிடித்ததிலேயே பெரிய மீன். வாயில் தவளையும், கண்ணில் திருதிரு முழியுமாக இருந்தது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நெல்டா கொக்கியைக் கழற்றி, ஓட்டை வழியாக அதைத் தண்ணீருக்குள் விட்டாள். வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு அது கூரைக்கு அடியில் போயிற்று.

"நேத்து அந்த விளக்க எத்தனை தடவை சீட்டுலேர்ந்து எடுத்தேன்?" என்று கேட்டாள், கையைக் கழுவிக்கொண்டே.

டெல்மர் அவளையே பார்த்தான். வண்டி கண்முன் வந்தது. கூரைவரை சாமான், முன்னால் அந்த ஒரு இருக்கை மட்டும் காலி.

"நான் ஒரு மடையன்" என்றான்.

"அது ஊருக்கே தெரியும். நான் அந்த சீட்டக் காலியா வெச்சிருந்தது உனக்கு மட்டுந்தான் தெரியல."

அவன் முன்பக்கம் போய் அவளருகே உட்கார்ந்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஈரமும் பாசி வாசனையுமாக இருந்த அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"வெளக்க நான் மடியில வெச்சுக்கறேன்" என்றான்.

"டெக்சாஸ் வரைக்குமா?"

"நீ மேடுபள்ளம் பாத்து ஓட்டு" என்றான் டெல்மர்.