வலப்பக்கத்துப் பால்

...உப்பு, சந்தேகமே இல்லை, மாரில் கட்டியிருந்த துணியைத் தளர்த்தி விரலில் தொட்டு இன்னொரு தரம் நக்கிப் பார்த்தாள் வினிதா, உப்புதான், முந்தியும் இப்படித்தான் இருந்ததா, முந்தி யார் நக்கிப் பார்த்தார்கள்... இடப்பக்கம் சமர்த்தாகக் குடிக்கிறாள் குட்டி, வலப்பக்கம் கொண்டுபோனால் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொள்கிறாள், கம்பெனியில் நான் பழுதான சர்க்யூட் போர்டுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவேனே, அப்படித் தள்ளிவிட்டாளே என்னை. மார் கல்லாக இறுகிச் சிவந்து கிடக்கிறது, தொட்டால் உயிர் போகிறது. காலையில் ஓசூரில் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, வீங்குனா பால் கொஞ்சம் உப்புக் கரிக்கும்மா, கெட்டுப்போகல, அந்தப் பக்கமும் குடு, நிறுத்திடாதே என்றார். வீட்டுக்கு வந்தால் அத்தை, "சீப்பிடிச்ச பாலக் குடுத்துப் புள்ள வயித்தக் கெடுத்துராதம்மா" என்கிறார். யாரை நம்புவது? இரண்டு பேருமே குட்டிக்காகத்தான் சொல்கிறார்கள், அதுதான் பெரிய தொல்லை. வேலைக்குத் திரும்புவதற்குள் பாலே நின்றுவிட்டால் என்ன செய்வேன்?

அத்தை மாதேஸ்வரி சொன்னதோடு விடவில்லை. உத்தனப்பள்ளித் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு வந்தவர், மடியிலிருந்த மல்லியை எடுத்து வலப்பக்கத்தில் அப்பி, பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் குட்டியின் துணி துவைக்கப் போனார். என்ன பாசமாகக் கட்டினார்... "எனக்கும் இப்படித்தாம்மா கல்லாட்டம் ஆச்சு, மல்லி வச்சுக் கட்டுனாங்க, ரெண்டு மூணு நாள்ல சுத்தமா வத்திருச்சு." அப்போது தலையாட்டினேன். வற்றியது எது, வீக்கமா, பாலா? இரு இரு, எங்கள் ஊரில் ராசாத்தி அக்காவுக்குப் பிறந்தது தங்கவில்லை என்றானபோது அம்மா கட்டிவிட்டதும் மல்லிதானே, குடிக்கப் பிள்ளை இல்லாதவளுக்குப் பால் வற்றட்டும் என்றுதானே கட்டினாள். ஐயோ, என் குட்டி இங்கேதானே இருக்கிறாள்! அவிழ்த்தாள், குட்டியை வலப்பக்கம் அணைத்தாள், சுளித்தது, திரும்பியது, அழுதது, சீ போ என்று அவளுக்கே அழுகை வந்தது, பிறகு ஏனோ பிடித்துக்கொண்டது, பல்லைக் கடித்துக்கொண்டாள், குடிடி, உப்பானாலும் உன்னுடையதுதான், குடி.

ஆனால் அத்தைக்கு எப்போது கட்டினார்கள்? அவர் மகன், என் வீட்டுக்காரர் மோகன்குமார்தான் தலைச்சன், ஒரே பிள்ளை என்றல்லவா பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள், அவரோ பள்ளிக்கூடம் போகிறவரை பால் குடித்தவராம், அத்தையே சொல்லிச் சிரிப்பார், அவருக்காக யாரும் வற்றவைக்கவில்லையே. அப்படியென்றால் அது எந்தப் பிள்ளைக்குச் சுரந்த பால்? இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னாரா, இவருக்காவது தெரியுமா, தெரிந்துகொண்டுதான் நான் என்ன செய்யப்போகிறேன்... வாசலில் வாளி வைக்கும் சத்தம். "வலி கொறஞ்சுதாம்மா?" குட்டி விடாமல் குடித்துக்கொண்டிருந்தது. கொறஞ்சுது அத்தை என்றாள். கை நிறைய, பாதி கசங்கிய மல்லி. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, தலையில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.