ஹாஜியார் கழற்ற விடாத வயர்

இன்சாபுக்கு வெள்ளிக்கிழமை கனமூலையில் நிக்காஹ். பெண் மர்ஷூதா. பந்தலுக்குச் சொல்லி, சஹன் விருந்துக்கு ஆடும் பேசியாகிவிட்டது. இனி வேண்டியது லீவு ஒன்றுதான். அந்த லீவு முத்தலிபு ஹாஜியார் கையில் இருந்தது. ஹாஜியார் கையில் இருப்பது எதுவும் இலேசில் கீழே விழாது.

ஹாஜியாருக்கு முந்தலில் இறால் பண்ணை. இறால் தீனிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு மென்பொருள் கம்பனியும் வைத்திருந்தார். கம்பனி என்றால் இன்சாபும் ஒரு மடிக்கணினியும். குளத்தில் ஒட்சிசன் குறைந்தால் போனில் கூவி எழுப்பும் செயலி ஒன்றை அவன் செய்திருந்தான். பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீரில் கிடக்கும் சென்சரோடு பேசும் அடிப்பகுதியை வேகத்துக்காக சி பிளஸ் பிளஸில் எழுதியிருந்தான். அந்த மொழியில் பிழை விட்டால் அது திட்டாது, முறைப்பாடு சொல்லாது. செயலியை அப்படியே சாய்த்துவிடும்.

சாய்த்தது. குளக்கரையில் திறந்த கையோடு செயலி மூடிக்கொண்டது. பிழையைத் தேட, போனை வயரால் மடிக்கணினியில் கொழுவி டிபகரை ஓடவிட்டான். செயலி சாதுவாக ஓடியது. கழற்றினான், விழுந்தது. மறுபடி கொழுவினான், ஓடியது. முதலாளி நிற்கும்போது மட்டும் வலை இழுக்கிற பண்ணையாட்களிடம் தொழில் பழகியிருக்கும் போல.

ஹாஜியாருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

"கொழுவினா ஓடுதெண்டா என்னத்துக்கு மகன் கழட்டுற?"

குளம் வெட்டிய நாளிலிருந்து கரையில் கண்ணூறுக்கு ஒரு புள்ளிச் சட்டி தொங்குகிறது. அதைத் தொங்கவிட்ட பிறகு இறாலுக்கு நோயே வரவில்லையாம். நோய் வந்த வருஷத்தில் சட்டி கோணலாகத் தொங்கியதாம். வயரும் அவர் கண்ணுக்கு அந்த இனந்தான்.

புதன்கிழமை இன்சாப் பிழையைப் பிடித்தான். சென்சர் பதில் சொல்ல அரை நொடி எடுக்கிறது. அதற்குள் பதில் வந்து இறங்கவேண்டிய இடத்தையே செயலி துடைத்துவிடுகிறது. டிபகர் கொழுவினால் செயலி மந்தமாகும், துடைக்குமுன் பதில் வந்து சேர்ந்துவிடும். காத்திருக்கச் சொல்லி இரண்டு வரி சேர்த்தான். வயர் இல்லாமலே ஓடியது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வராத குறை.

"ஹாஜியார், சரிப்பண்ணிட்டன். இனி வயர் தேவல்ல."

"ஓடுதா?"

"ஓம்."

"அப்ப வயரோடயே ஓடட்டும். சனிக்கிழம கொழும்பால ஆக்கள் பாக்க வாராங்க. நீங்க பக்கத்திலயே இரிங்க."

"வெள்ளிக்கிழம எனக்கு நிக்காஹ், ஹாஜியார்."

"மாஷா அல்லாஹ். அப்ப வயர ஆரு பாக்கிற?"

இரண்டு வரி கண்ணுக்குத் தெரியவில்லை, வயர் தெரிகிறது. அவன் செய்த பாவம் அதுதான்.

கம்பனி அலுமாரியில் ஒரு பழைய மடிக்கணினி கிடந்தது. உப்புக்காற்றில் திரையும் உள்ளுறுப்பும் செத்து, போனுக்குச் சார்ஜ் கொடுக்க மட்டும் உயிர் வைத்திருந்தது. அதைக் குளக்கரைக் கொட்டிலில் ஒரு கதிரையில் இருத்தி, போன் வயரை அதில் குத்தினான்.

"இது பாத்துக்கொள்ளும், ஹாஜியார். ஒருத்தரையும் தொட விடாதீங்க."

லீவு உடனே கிடைத்தது.

நிக்காஹ் சிறப்பாக நடந்தது. திங்கட்கிழமை புதுமாப்பிள்ளை வேலைக்கு வந்தபோது, பழைய கணினிக்குக் காகம் எச்சமிடாமல் மேலே வலை கட்டியிருந்தது. பக்கத்தில் சம்பளத்துக்கு ஒரு காவலாளி. கொழும்பு ஆட்கள் செயலியை மெச்சி, தங்கள் குளங்களுக்கும் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஹாஜியார் கணினியின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

இன்சாபுக்குப் பொறுக்கவில்லை. "அதுக்கு மூளையே இல்ல, ஹாஜியார். சார்ஜ் மட்டுந்தான் குடுக்கும்."

"மூள உள்ள நீங்க இருந்த நேரந்தான் அது விழுந்த. இது வந்த பிறகு ஒருக்காச் சரி விழுந்ததா?"

இன்சாப் வயரைக் கழற்றிக் காட்டக் கை நீட்டினான். காவலாளி குறுக்கே வந்து நின்றான்.

"இதுக்கு வாய்க்கதையும் இல்ல, லீவும் கேக்குதில்ல," என்று ஹாஜியார் அவன் தோளில் அன்பாகத் தட்டினார். "நீங்க ஆறுதலாப் பொஞ்சாதியோட இரிங்க மகன். இனி ஒங்களுக்கு எந்த நாளும் லீவுதான்."