பாஸ்வேர்டு கேட்காத கம்ப்யூட்டர்

யேசுதாஸ் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே ஒரு கூத்து. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தபோது, கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மகன் கிளாட்சன் ராமநாதபுரத்துக்குப் போனான். எவனோ கழித்துப்போட்ட ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே தங்கச்சிமடம் வரை கொண்டுவந்து சேர்த்தான். கடலுக்குப் போகிறவனுக்கு இது எதற்கென்று கேட்டவர்களுக்கெல்லாம் "காத்து பாக்க" என்று பதில். காற்றைப் பார்த்தானோ இல்லையோ, சினிமா நிறையப் பார்த்தான். தங்கை அனிட்டா தொடக்கூடாது என்று பாஸ்வேர்டு போட்டான். ஒரு வாரம்கூடத் தாங்காமல் அவனே அதை அவளிடம் உளறியும் விட்டான்.

சுவிட்சைப் போட்டால் முதலில் அவன் முகம்தான் வரும். படகின் முன்பக்கம் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு, பெரிய துரை போல நிற்கிற படம். அதன் கீழே பெயர். அதற்கும் கீழே பாஸ்வேர்டு அடிக்க ஒரு வெள்ளைக் கட்டம்.

போன ஆடியில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை மண்டபம் ஊர்ப் படகு ஒன்று தூக்கி வந்தது. கிளாட்சன் மட்டும் கிடைக்கவில்லை. தேடினார்கள், ஹெலிகாப்டர்கூட வந்தது, பிறகு எல்லாரும் அவரவர் தொழிலைப் பார்க்கப் போனார்கள். யாரைக் குறை சொல்வது?

உடல் கிடைக்காதவனுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. அவன் உடுத்திய துணியைப் பெட்டியில் வைத்து, பூசை ஒப்புக்கொடுத்து, கல்லறையில் அடக்கம் செய்வார்கள். அதன் பிறகுதான் படத்துக்கு மாலை ஏறும். பங்குச் சாமியார் வீடு தேடி வந்து பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா மிக்கேலம்மாள் ஒரே சொல்லில் அவரை வாயடைக்க வைத்தாள்.

"துணியவா சாமி நான் பெத்தேன்?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது. கிளாட்சனைப் பற்றிய பேச்சே நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் மாலையில்லாத படத்தைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதைத் தாங்க முடியாமல், யேசுதாஸ் மகனுடைய படங்களையெல்லாம் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மூன்று பேரும் சோறு தின்றார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், அவன் பெயரை மட்டும் சுற்றி வளைத்துப் போனார்கள். அப்படி ஒரு வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

அனிட்டா பாம்பனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த வீட்டில் திடமானவள் அவள்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் இல்லை என்பதை முதலில் ஏற்றுக்கொண்டவள் அவள். அம்மாவும் அதை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லி அழுதுவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினாள். சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அம்மா இளைத்துத் துரும்பாகிக்கொண்டிருந்தாள். அடுத்து அம்மாவையும் தூக்கிக்கொடுக்க வேண்டிவருமோ என்பதுதான் அனிட்டாவின் பயம்.

கொஞ்ச நாளாக அவள் ஒன்றைக் கவனித்தாள். பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் சூடாக இருக்கிறது. திரையில் அந்த முதல் பக்கம். எதிரே நாற்காலியில் அம்மா. மகளைக் கண்டதும் முந்தானையால் மேசையைத் துடைப்பது போல எழுந்துவிடுவாள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அனிட்டா போட்டுக்கொடுக்க யூடியூபில் வேளாங்கண்ணிப் பூசை பார்ப்பது வழக்கம். அதற்காகத்தான் உட்கார்கிறாள், பாஸ்வேர்டு அடிக்கத் தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறாள் என்று அனிட்டா முடிவு கட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், மகளிடம் கேட்கவும் கூச்சப்படுகிறாள் போல. அம்மாவிடமே கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தெரிந்திருக்கும். கேட்டால் பேச்சு எங்கே போய் முட்டும் என்று தெரிந்ததால் அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அனிட்டா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். செட்டிங்ஸுக்குள் எங்கெங்கோ தேடி, அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பயன்படுத்துகிறவர் பாஸ்வேர்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி, அதன் முன்னால் ஒரு டிக். டிக்கை எடுத்தாள். அதை எடுப்பதற்கும் பாஸ்வேர்டைக் கேட்டது, அதுவும் இரண்டு தரம். அய்யா யேசுதாஸின் பழைய மீன்பிடி வள்ளத்தின் பெயரைத்தான் அண்ணன் பாஸ்வேர்டாக வைத்திருந்தான். இரண்டு தரம் அடித்தாள். திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி பூசை வீடியோவை மாதா படத்தோடு நடுவில் வைத்தாள். அணைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இனிமே ஒனக்கு நான் வேணாம்மா. இந்தப் பொத்தான அமுக்கு, அம்புட்டுத்தான். தன்னால தொறந்துரும்."

மிக்கேலம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமுக்கினாள். வட்டம் சுற்றியது. நேராக மாதா படம் வந்து நின்றது. அனிட்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா அசையவில்லை. இன்னும் ஏதோ வரவேண்டும் என்பது போலத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் எங்கன?" என்றாள்.

"யாரும்மா?"

"இங்கனதான இருப்பான். கண்ணாடி போட்டுக்கிட்டு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசியது மகளிடமா திரையிடமா என்று தெரியவில்லை.

"அவன் மூஞ்சிக்குக் கீழ ஒரு கட்டம் இருக்கும். அதுக்குள்ள குச்சி மாதிரி ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு நிக்கும். அது என்னான்னு அவன்கிட்டயே ஒருநா கேட்டேன். நான் வந்து தொறக்கிற வரைக்கும் அது அப்படித்தாம்மா நிக்கும்னான். நீ பள்ளிக்கூடம் போனப்பறம் போட்டுப் பாப்பேன். நின்னுக்கிட்டே இருக்கும். ஒரு மிசினு, அதுவே அவனுக்காக நிக்கிது. பெத்தவ நான் எந்திரிச்சுப் போயிறலாமா? ஏலே, வந்து தொறடான்னு சொல்லிக்கிட்டு நானும் கூட ஒக்காந்திருப்பேன்."

"அம்மா, எனக்குத் தெரியாதும்மா. நீ பூசை பாக்கத்தான்னு..."

"ஒன்னய ஒண்ணும் சொல்லல புள்ள." அம்மா மாதா படத்தைப் பார்த்தாள். "அதுவே நின்னு பாத்து அலுத்துருச்சு."

"ஐயோ, அது தானா செய்யலம்மா. நான் செஞ்சது. இரு, மாத்திர்றேன்."

அவசரமாகத் தேடிப்போய் டிக்கைத் திரும்ப வைத்தாள். ரீஸ்டார்ட் செய்தாள். அண்ணன் வந்தான், கூலிங்கிளாஸோடு, பெரிய துரை போல. கீழே கட்டம். உள்ளே அந்தக் கோடு மின்னி மின்னி நின்றது.

"பாத்தியா, இருக்காம்மா. அப்படியேதான் இருக்கான்."

அம்மா வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. பிறகு திரையில் அவன் கன்னம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ நிக்க வச்சா நிக்கிற மிசினுதான புள்ள இது. ஒங்க அய்யாவ சாமியார்கிட்டப் போயிச் சொல்லிட்டு வரச் சொல்லு. பூசைக்கு. அந்த நீலச் சட்டைய வைப்போம். அதுதான் அவனுக்குப் பிடிக்கும்."

இந்தச் சொல்லுக்காகத்தான் அனிட்டா இத்தனை மாதம் தவித்தாள். சாமியாரிடம் ரகசியமாகப் பேசியதும், அய்யாவைத் தூண்டிவிட்டதும், மாதாவுக்கு நேர்ந்துகொண்டதும் இதற்காகத்தான். இப்போது அது வந்தபோது அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பமேம்மா. அவசரம் என்ன? ஒருவேளை..."

தன் வாயிலிருந்து வந்த அந்த ஒருவேளையைக் கேட்டு அவளே திகைத்துப்போனாள். அண்ணன் போய்விட்டதை அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. காத்திருக்கிற வேலையை அம்மா தலையில் போட்டுவிட்டு, தான் திடமாக நடமாடியிருக்கிறாள். அம்மா இறக்கிவைத்ததும் அது வந்து அவள் தோளில் ஏறிக்கொண்டது.

மிக்கேலம்மாள் மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள்.

"தாயி, அவன் இனிமே..."

அனிட்டா சடாரென்று அம்மாவின் வாயைப் பொத்தினாள்.