நீலம் வராத புள்ளி

தட்டில் நீலம் வரவில்லை. சிலிக்கா பூசிய அந்தச் சின்னத் தட்டில் கொழுப்பு இருந்தால் நீலமாக்கும் மருந்தைத் தெளித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்த சோயாக் கொழுப்பு பளிச்சென்று நீலப் புள்ளியாக நின்றது. நான் செய்த சரக்கு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. சரி, போயிற்று என்று சரக்கு இருந்த ஆறு குழாய்களையும் கழிவுக் கேனில் கவிழ்த்தேன். கழுவி வரிசையாக அடுக்கினேன். எட்டு மாத உழைப்பு.

அண்ணன் அன்செல்மோ இறந்து பதினொரு நாள். அடக்கத்தன்று எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "ஒரு சொட்டுத் தண்ணி வரலையே இவளுக்கு" என்று அத்தை என் காதுபடவே சொன்னாள். சொல்லட்டும் என்றிருந்தது. மூன்றாம் நாளே ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன். ரொசாரியோ நகரம் முழுக்க மழை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த வாரத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

பக்கத்து மேஜைக்காரி டெல்ஃபினா நடைபாதையில் மாத்தே தேநீர் குடித்துவிட்டு உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள்.

"அடியே அமாலியா, இதுல எதைத் தெளிச்ச?"

"நீல மருந்து."

"நம்ம சரக்கு அதுல நீலமாகாது, அயோடின்ல வைன்னு செவுத்துல எழுதி ஒட்டினது யாரு? போன மாசம் என்னைப் பாத்து நாய் மாதிரி கத்தினியேடி!"

சுவரில் என் கையெழுத்துதான். கன்றுக்குட்டிகளைக் கொல்லும் குடல்கிருமி ஒன்று இருக்கிறது. அதன் நொதி உயிரணுக் கொழுப்பை, பாஸ்பரசும் ஆக்சிஜனும் சேரும் இடத்தில் வெட்டுகிறது. அந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்தால் வெட்ட முடியாது. நொதியின் வாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். நீல மருந்தும் அதே இடத்தை அறுத்துத்தான் நிறம் காட்டும்; அறுபடாத என் சரக்கு அதற்கும் மசியாது. இதைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள் நான்.

"குழாயெல்லாம் எங்க? வியாழக்கிழமை மொந்தேவிதேயோ ஆய்வகத்துக்கு அனுப்பணுமே."

"கொட்டிட்டேன்."

"எதுல?"

"கேன்ல."

கேனில் நான்கு ஆய்வகங்களின் கழிவு, இருபது லிட்டர்; இனிப் பிரித்தெடுக்க வழியில்லை. டெல்ஃபினா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றாமலே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் சரக்குக்கு அவள் அழுகிறாள். எனக்குச் சங்கடமாகக்கூட இல்லை. கையுறையோடு முகத்தைத் தொடாதே என்று மட்டும் சொன்னேன்.

ஒரே சரக்கை எப்போதும் இரண்டு தட்டில் ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். தெளிக்காத தட்டை எடுத்து அயோடின் ஜாடிக்குள் வைத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில், வெள்ளையாகக் கிடந்த அதே இடத்தில், பழுப்பாக ஒரு புள்ளி எழுந்தது. ஒரே புள்ளி, வேறெந்தக் கறையும் இல்லாமல்.

"இருந்திருக்குடி," என்றாள் டெல்ஃபினா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சுத்தமா இருந்திருக்கு."

அயோடின் கறை காற்றுப் பட்டால் நிற்காது. அதனால் தட்டை வெளியே எடுத்ததும் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டுவிடுவோம். போட்டேன். வட்டத்துக்குள் பழுப்பு வெளிறிக்கொண்டே போனது. முழுவதும் வெள்ளையான பிறகும் பென்சிலைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றிருந்தேன்.